உறுமி நிற்கும் மோட்டார்: கண்டன்சரைச் சோதித்து மாற்றுவது

காலையில் தொட்டி காலி. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது, சுற்றவில்லை. நேற்று மாலை வரை நன்றாகத்தான் ஓடியது. இந்த நேரத்தில் முதல் வேலை ஒன்றுதான்: உடனே நிறுத்துங்கள். இன்னொரு தடவை போட்டால் பிடித்துக்கொள்ளும் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.

சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல் நான்கைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். பின்னாலிருக்கும் விசிறியும் சுற்றாததால் சூடு போக வழியில்லை. கொஞ்ச நேரத்திலேயே காயிலின் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிடும். வாடை வந்துவிட்டால், ஒரு டப்பா கண்டன்சரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு காயில் கட்டும் செலவாகிவிடும். மோட்டாரைக் கெடுப்பது பழுதான கண்டன்சர் இல்லை, அதை வைத்துக்கொண்டு உறுமவிடும் அந்தச் சில நிமிடங்கள்தான்.

எங்கள் வீட்டு அரை எச்.பி. மோனோபிளாக் ஒருமுறை இப்படித்தான் நின்றது. எனக்கு அப்போது விவரம் தெரியாது. கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். ‘காயில் போயிருக்கு’ என்றார்கள். நான்கு நாள் கழித்துப் புதுக் காயிலோடு வந்தது. மாட்டிப் போட்டால் அதே உறுமல். பழைய கண்டன்சரையே திருப்பி மாட்டியிருந்தார்கள். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. வெட்டி எடுத்த காயில் நல்ல காயிலாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த நான்கு நாளும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தது அம்மா. இந்த அத்தியாயத்தை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஒரு சொல் விளக்கம். கடையில் ‘கெபாசிட்டர்’ என்றாலும் ‘கண்டன்சர்’ என்றாலும் கொடுப்பது ஒரே பொருளைத்தான். எலெக்ட்ரீஷியன்கள் வாயில் புழங்குவது கண்டன்சர், ஆகவே இங்கும் அதுவே. இங்கே பேசுவது வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் மோட்டாரைப் பற்றி மட்டும். வயலில் ஓடும் த்ரீ பேஸ் மோட்டாருக்குக் கிளம்புவதற்குக் கண்டன்சர் தேவையில்லை. இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் அதை ஓட்டுவதற்காகச் சிலர் வைத்திருக்கும் கண்டன்சர் பெட்டி வேறு கணக்கு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதற்காக ஒரு கண்டன்சர்

கால் மிதி தையல் மெஷின் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மிதி சரியாக மேலேயோ கீழேயோ நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது. கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினால் அந்தப் பக்கமாகச் சுற்றத் தொடங்கும், அப்புறம் காலே போதும். எதிர்ப்பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கம் சுற்றி நூலை அறுக்கும்.

சிங்கிள் பேஸ் கரண்ட்டும் மிதியைப் போலத்தான். ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக, நொடிக்கு 50 தடவை. அது உண்டாக்கும் காந்தப்புலம் ரோட்டரை எந்தப் பக்கமும் திருப்பிவிடாது, உலுக்கிக்கொண்டே இருக்கும். நாம் கேட்கும் உறுமல் அதுதான். கையால் தள்ளும் வேலைக்காக மோட்டாருக்குள் இரண்டாவதாக ஒரு காயில் வைத்திருக்கிறார்கள். அது ஸ்டார்ட்டிங் காயில். அதற்குப் போகும் கரண்ட் முதல் காயிலின் கரண்ட்டோடு ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் பயனில்லை, சற்று முன்னதாக ஏற வேண்டும். அப்படி முன்னே தள்ளிக் கொடுப்பது கண்டன்சர். அது செத்தால் தள்ளும் கை இல்லை.

நேற்று ஓடியது இன்று ஏன் கிளம்பவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் கண்டன்சர் போனாலும் ரோட்டர் ஏற்கெனவே சுற்றும் வேகத்தில் இருப்பதால் பல நேரம் தொடர்ந்து ஓடிவிடும். தண்ணீர் கொஞ்சம் மெலிந்து விழலாம், சத்தம் கொஞ்சம் மாறலாம். நிறுத்தி மறுபடி போடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வீட்டு மோட்டார்களில் இரண்டு வகைக் கண்டன்சர் உண்டு. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் இணைப்பிலேயே இருப்பது ரன்னிங் கண்டன்சர். அலுமினிய டப்பாவிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ வரும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் உலோகப் பூச்சு, சுருட்டி வைத்திருக்கும். மோனோபிளாக்கின் முதுகில் இருப்பது பெரும்பாலும் இதுதான். மற்றது ஸ்டார்ட்டிங் கண்டன்சர். கறுப்பு டப்பா, அளவு மிகப் பெரியது, கிளம்பும் ஓரிரு நொடிக்கு மட்டும் வேலை. போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாரின் பேனல் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடவே கூடாது. கறுப்பு டப்பா தொடர்ந்து கரண்ட்டைத் தாங்காது, சூடேறி வெடிக்கும்.

பழி கண்டன்சர் மேல்தானா?

உறுமல் கேட்டதும் கண்டன்சர் வாங்க ஓட வேண்டாம். உறுமலுக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. இரண்டையும் ஒதுக்க ஐந்து நிமிடம் போதும்.

முதலாவது ஜாம். பத்துப் பதினைந்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பம்புக்குள் இம்பெல்லர் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் முன்னும் பின்னும் அசைத்து விடுவியுங்கள். சுற்றவே இல்லை அல்லது கரகரவென்று உரசுகிறது என்றால் பேரிங்கோ பம்போ பழுது. கண்டன்சரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வோல்டேஜ். கோடைக்கால மாலையில் தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில் 230 வர வேண்டிய இடத்தில் 180தான் வரும் ஊர்கள் இருக்கின்றன. 180 என்றால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு என்று தோன்றும். ஆனால் மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 180க்குக் கிடைப்பது 61 சதவீத விசைதான். நல்ல கண்டன்சர் இருந்தும் மோட்டார் திணறும். பேனலில் வோல்ட் மீட்டர் இருந்தால் பாருங்கள், இல்லையேல் மல்டிமீட்டரில் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருக்கும் நேரத்தில் மோட்டார் தானாகக் கிளம்பினால் கழற்றுவதற்கு ஒன்றுமில்லை.

தண்டு இலேசாகச் சுற்றுகிறது, வோல்டேஜும் 220க்கு மேல் இருக்கிறது, ஆனாலும் உறுமுகிறது என்றால் இப்போது கண்டன்சரைச் சந்தேகப்படலாம். உறுமல்கூட இல்லாமல் மோட்டார் ஊமையாக நின்றால் அது வேறு பிரச்சினை. ஃபியூஸ், ஓவர்லோடு ட்ரிப், சுவிட்ச், அறுந்த ஒயர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

சுவிட்சைப் போட்டுக்கொண்டே விசிறியைக் குச்சியால் தள்ளிக் கிளப்பிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கண்டன்சர் பழுதென்றால் மோட்டார் அப்படிக் கிளம்பும் என்பது உண்மைதான். ஆனால் பிடித்துக்கொண்ட நொடியில் அது நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் போய்விடும். குச்சி எகிறும், விரல் போகும். பம்பு மோட்டாரில் இதைச் செய்யாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

பேனலில் சிவப்புப் பட்டனை அமுக்கினால் நிற்பது மோட்டார் மட்டும். பெட்டிக்குள் வரும் ஒயர்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். வீட்டு மெயின் போர்டில் அந்த லைனின் எம்.சி.பி.யையோ ஐசொலேட்டரையோ இறக்குங்கள். யாரும் தெரியாமல் மேலே தள்ளிவிடாதபடி அதன்மேல் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். பிறகு டெஸ்டரை, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அதன் பின் மோட்டாரின் இரண்டு ஒயரிலும் வையுங்கள், இரண்டிலும் எரியக் கூடாது. பழைய வீடுகளில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடப்பது சகஜம். அங்கே ஒற்றை சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டியிருக்கும், மோட்டார் முழுக்கக் கரண்ட்டோடு நிற்கும். ஆகவே ஒரு ஒயரைப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். கிணற்றடியில் தரை ஈரம் என்றால் காய்ந்த பலகை போட்டு, ரப்பர் செருப்போடு நில்லுங்கள்.

அடுத்தது கண்டன்சருக்குள் தங்கியிருக்கும் மின்சாரம். மெயினை அணைத்த பிறகும் அது உதறித் தள்ளும். ரன்னிங் கண்டன்சரில் மிச்சமிருப்பது வழக்கமாகக் காயில் வழியாகவே வடிந்துவிடும். ஆனால் காயிலோ ஒயரோ அறுந்திருந்தால் வடிய வழியில்லை, நாம் பெட்டியைத் திறப்பதே ஏதோ பழுது என்பதால்தானே? ஸ்டார்ட்டிங் கண்டன்சர், பேனலில் மோட்டாரைக் கிளப்பும் பச்சைப் பட்டனை விட்டதும் தனித்து நின்றுவிடுவது. அதில் மின்சாரம் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து ‘பட்’ என்று பொறி பறக்க வடிப்பதைப் பலர் வீரமாகச் செய்வார்கள். முனை உருகும், கண்ணில் தெறிக்கும், உள்ளே இருக்கும் படலத்துக்கும் அடி. 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, இரண்டு முனையிலும் நல்ல உறையுள்ள ஒயர் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டன்சரின் இரண்டு முனையிலும் அரை நிமிடம் பிடித்தால் எவ்வளவு பெரிய ஸ்டார்ட்டிங் கண்டன்சரும் வடிந்துவிடும். ரெசிஸ்டர் கிடைக்கவில்லையா, ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயரும் அதே வேலையைச் செய்யும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. வடித்த பின் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துப் பூஜ்யம்தானா என்று பார்த்துவிட்டே முனையைத் தொடுங்கள்.

அளந்து பார்ப்பது

ஒரு ஒயரைக் கழற்றும் முன் போனில் இரண்டு மூன்று போட்டோ எடுங்கள். ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், யாரோ ஒருவர் சொன்ன நிறக் கணக்கை நம்பி மாட்டக் கூடாது.

முதலில் கண்ணால் பாருங்கள். டப்பாவின் தலை உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, முனை கறுத்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அளக்கத் தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான். ஆனால் பார்க்கப் புத்தம் புதிதுபோல் இருந்துகொண்டே செத்துப்போனவையும் உண்டு, அதனால்தான் மீட்டர்.

கண்டன்சரின் இரண்டு ஒயரையும் கழற்றித் தனியாக்குங்கள். மல்டிமீட்டரைக் கெபாசிட்டன்ஸ் இடத்தில் வைத்து அளவிடுங்கள். விலை மலிந்த சில மீட்டர்கள் 20 மைக்ரோ ஃபாரட் வரைதான் காட்டும். அதில் 25 கண்டன்சரை வைத்துவிட்டு ‘எண் வரவில்லை, போய்விட்டது’ என்று தூக்கி எறியாதீர்கள். டப்பாவில் ‘25 எம்.எஃப்.டி. ± 5%’ (எம்.எஃப்.டி. என்பது மைக்ரோ ஃபாரட்தான்) என்று இருந்தால் 23.75 முதல் 26.25 வரை எது வந்தாலும் நல்லது. 22.5க்குக் கீழே போனால், அதாவது பத்து சதவீதம் குறைந்தால், மாற்றிவிடலாம். 14, 9 என்று காட்டினால் உங்கள் உறுமலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஏன் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது? படலத்தில் ஒரு புள்ளியில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு நொடியில் ஆவியாகிவிடும், ஓட்டை தனித்து விடப்படும், கண்டன்சர் தொடர்ந்து வேலை செய்யும். தன்னையே ஆற்றிக்கொள்ளும் இந்தக் குணம் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டையும் ஷார்ட்டாகியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போகிறது. வருடக் கணக்கில் அது சேர்ந்து 25 என்பது 20 ஆகும், பிறகு 14 ஆகும். அலுமினிய டப்பாவின் தலை உப்புவதும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். உள்ளே வாயு சேர்ந்து மூடி மேலே எழும்பும்போது உள் இணைப்பு அறுந்து கண்டன்சர் தானே விலகிக்கொள்ளும்.

அலுமினிய டப்பாவானால் முனைக்கும் டப்பாவுக்கும் இடையில் ஓம் அளவையும் பாருங்கள். எந்த எண்ணும் வரக் கூடாது. ஸ்டார்ட்டிங் கண்டன்சரின் இரு முனைகளுக்கிடையே 15 கிலோ ஓம் போல் காட்டினால் பயப்பட வேண்டாம். முனைகளுக்குக் குறுக்கே சின்னதாக ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்களா பாருங்கள். மின்சாரம் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது அது.

கண்டன்சரை நேரடியாக பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றி, வெளியே எடுத்து முட்டவைத்து, பொறி வந்தால் நல்லது என்று சொல்லும் பழைய சோதனை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 14க்குத் தேய்ந்த கண்டன்சரும் நன்றாகவே பொறி விடும், ஷார்ட்டான கண்டன்சர் கையிலேயே வெடிக்கும்.

கடையில்

பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். ‘ஒரு எச்.பி. மோட்டாருக்கு’ என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். அரை எச்.பி.க்கு 10, ஒரு எச்.பி.க்கு 20 அல்லது 25 என்பது பரவலான அளவுதான் என்றாலும் காயில் கட்டிய விதத்துக்கேற்ப மாறும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதே முடிவானது. இதற்கு முன் யாராவது தப்பான அளவை மாட்டியிருக்கலாம், ஆகவே பழைய டப்பாவையும் பலகையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எம்.எஃப்.டி. அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல். ரன்னிங் கண்டன்சரில் 440 வோல்ட் ஏ.சி. என்று இருக்கும். வீட்டுக்கு வருவது 230தானே என்று குறைந்த வோல்ட்டில் வாங்கக் கூடாது. காயிலும் கண்டன்சரும் வரிசையாகச் சேரும்போது கண்டன்சரின் மேல் விழும் வோல்டேஜ் லைன் வோல்டேஜைத் தாண்டி 300க்கு மேலும் போகும். டப்பாவில் ஐ.எஸ். 2993 என்று இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘கொஞ்சம் பெரிசாப் போடுங்க, நல்லா இழுக்கும்’ என்ற பேச்சைக் கேட்காதீர்கள். அளவு கூடினால் ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்ட் கூடும். அது மெல்லிய கம்பி, எந்நேரமும் சூடாகவே ஓடி ஒரு நாள் கருகும். கேட்ட எண் கடையில் இல்லையென்றால் ஒரு வழி உண்டு: 10ம் 10ம் இணையாக, அதாவது முனையோடு முனை சேர்த்துப் போட்டால் 20. இரண்டும் 440 வோல்ட்டாக இருக்க வேண்டும். வரிசையாகப் போடக் கூடாது, 5 ஆகக் குறையும்.

பொருத்துவது

வேலையில் சுலபமான பகுதி இது. இந்தக் கண்டன்சர்களில் பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது. கழற்றிய இரண்டு ஒயரையும் எப்படி மாட்டினாலும் சரி. ஆனால் வேறு ஒயர்களை இடம் மாற்றிவிடாதீர்கள், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மோட்டாரின் அதிர்வில் முறுக்கு தளரும், பொறி விடும், புதுக் கண்டன்சரும் போகும். முனைக்குப் பொருந்தும் லக் வாங்கி, ஒயர் நுனியில் நன்றாக நசுக்கிப் பிடித்து, அசைத்தால் கழலாதபடி செருகுங்கள். பழைய லக் கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். அலுமினிய டப்பாவைக் கிளாம்ப் போட்டு நிறுத்தும்போது அதன் தலைக்கு மேல் ஒரு விரல் கனமாவது இடம் விடுங்கள். தலை உப்பும்போது மூடி தடுத்தால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. டப்பாவுக்கு எர்த் ஒயர் வைத்திருந்தால் அதை மறக்காமல் திருப்பி மாட்டுங்கள்.

மூடியைப் போட்ட பிறகே மெயினைத் தூக்குங்கள். பம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், உலர்ந்த பம்பை ஓட்டினால் சீல் போகும். இரண்டு நொடிக்குள் முழு வேகம் பிடிக்க வேண்டும். ஆம்பியர் மீட்டர் இருந்தால் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு மேல் போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். புதுக் கண்டன்சர் போட்டும் உறுமினால் நிறுத்திவிடுங்கள். ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருக்கலாம், அல்லது கிளம்பும்போது மட்டும் இணைக்கும் உள் சுவிட்சின் முனை கருகியிருக்கலாம். அதற்கு மோட்டாரைப் பிரிக்க வேண்டும். கடைக்கு எடுத்துப் போகும்போது கண்டன்சரை அளந்த கணக்கையும் சொல்லுங்கள்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதும் இதே நோய்தான். மேல் கப்புக்குள் இருக்கும் சின்னக் கண்டன்சர் பெரும்பாலும் 2.5 எம்.எஃப்.டி. அது 1.5க்கு இறங்கியிருந்தால் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் காற்று வராது. முறை மேலே சொன்னதேதான். ஸ்டூல் ஆடாமல் இருக்கட்டும்.

மறுபடி போகாமல் இருக்க

சப்மெர்சிபிள் பேனலில் பச்சைப் பட்டனை அமுக்கியபடியே இருக்கும் பழக்கம்தான் ஸ்டார்ட்டிங் கண்டன்சர்கள் சாவதற்குப் பெரிய காரணம். பட்டனை அமுக்கியிருக்கும் நேரமெல்லாம் கறுப்பு டப்பா இணைப்பில் இருக்கும். அது தாங்குவது மணிக்கு 20 தடவை, தடவைக்கு மூன்று நொடி என்ற கணக்கில்தான். மோட்டார் பிடித்ததும் விரலை எடுங்கள். வீட்டில் பட்டனை அமுக்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

ரன்னிங் கண்டன்சருக்கு எதிரி சூடு. மொட்டை மாடியிலோ மேற்குச் சுவரிலோ வெயிலில் காயும் பேனலுக்கு ஒரு தகரக் கூரையாவது போடுங்கள். இரவில் வோல்டேஜ் 250க்கு மேல் ஏறும் தெருவானால் மோட்டாரைப் பகலில் போடுவது நல்லது. அடிக்கடி தானே ஓடி நிற்கும் பிரஷர் பம்பில் எங்கோ ஒரு குழாய் ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகலை அடைக்காமல் கண்டன்சரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது.

பழைய கண்டன்சரைக் குழந்தைகள் விளையாட எடுக்காதபடி வடித்து, இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டி, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் சேருங்கள். உடைத்துப் பார்க்கவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். புதியதை மாட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் அழியாத மார்க்கரால் டப்பாவின் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் மூடியைத் திறந்து அளக்கும்போது 20.3 என்று எழுதியது எவ்வளவுக்கு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும், மோட்டார் உறுமும் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.